போகாதவளைப் பற்றிய பாட்டு

வெல்கொம் சுரங்க விடுதி, அறை 17
18 ஜனவரி 1976

அன்புத் தங்கை செனாதேக்கு,

சமாதானம் உண்டாகட்டும். நான் உயிரோடு இருக்கிறேன். இரண்டு கையும் இரண்டு காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் அம்மாவும் எப்படி வாழ்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மழை உண்டா? சோளம் முழங்கால் உயரமாவது வந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நம் தலைநகர் மசேருவில் தேர்வு ஓட்டம் என்று தடகளக் குழு சொல்லிவிட்டது, எல்லைக்கு இந்தப் பக்கம் சுரங்கத்துக்கும் சேதி வந்துவிட்டது. ஆயிரத்து ஐநூறு மீட்டரை நாலு நிமிடம் நாற்பது வினாடிக்குள் ஓடும் பெண் ஒருத்தி நம் நாட்டில் இருந்தால் அவளை மொன்றியல் ஒலிம்பிக்குக் கூட்டிப்போவார்களாம். இருக்கிறாள். ஆடு மேய்ப்பவர்களைப் பிடித்து வம்புக்கு இழுத்துக்கொண்டு ஹா மொகெதியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நாலு வருடம் முன்பு முதன்முதலாக நாம் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனபோது முழு நாடும் ஒரே ஒரு ஆள்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் மசேருவில் நானும் ஓடினேன், என்னை எடுக்கவில்லை. அணிவகுப்பு நடந்த அன்று கடை வானொலிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கொடி பிடித்துப் போனவனுக்குப் பின்னால் வெறும் இடம் இருந்திருக்குமே, அதில் நான் நடந்துகொண்டிருந்தேன். கையைக்கூட ஆட்டினேன். கடைக்காரி மகாராபோ பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தாள்.

இந்த முறை நீ போ. நம் ஊர் விமானத் திடலை உழவுக் கயிற்றால் அளந்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடி ஐநூறு மீட்டர், மூன்று முறை ஓடினால் கணக்குச் சரி. வீட்டில் விட்டுவந்த என் கைக்கடிகாரத்தை மகாராபோவிடம் கொடு, அவள் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு வாரமும் எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுது.

எழுத்தைக் கொஞ்சம் தெளிவாக எழுது. சத்தம் போடாமல் படிக்க எனக்கு வராது, மிஷன் பள்ளியில் அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். அறையில் பதினாறு பேர். யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசிக்கிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவன் வீட்டு மாடு கன்று போட்டால் பதினாறு பேரும் கைதட்டுகிறோம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
லெபோனா

*

ஹா மொகெதி
15 பிப்ரவரி 1976

அன்புள்ள அண்ணா,

உனக்கும் உன் பதினாறு காதுகளுக்கும் வணக்கம். ஆளுக்கு இரண்டு காது என்றால் முப்பத்திரண்டு. நாங்கள் இருக்கிறோம். மழை பெய்தது, சோளம் இடுப்பளவு. அம்மாவின் முழங்கால் மழைக்கு ஒரு நாள் முன்னதாகவே சேதி சொல்லிவிடுகிறது.

விடிந்ததும் ஓடுகிறேன். இந்த மாதம் மூடுபனி திடலின் மறுகோடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஓடிக்கொண்டே இருக்கிறேன், முடிவு வருவதில்லை. செம்மறிகள் பனிக்குள் படுத்திருக்கின்றன, கால் பட்டால்தான் எழுந்து திட்டுகின்றன. என் காலடிச் சத்தம் எனக்கு முன்னால் கேட்கிறது. வேறு எவளோ ஓடுகிறாள், நான் அவள் பின்னால் போகிறேன் என்று தோன்றுகிறது. பயமாக இல்லை அண்ணா, அவள் மெதுவாகப் போனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மகாராபோ அக்கா கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு கத்துகிறாள்: "ஏண்டி, உன்ன யாரு தொரத்துறா? திரும்பிப் பாரு, ஒருத்தனும் வரலையே!"

நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு. முகத்தைச் சுளிக்காதே, மேலே படி. சாலை போட வந்தவர்கள் திடலோரம் கூடாரம் அடித்திருக்கிறார்கள். அளவு நாடா பிடிக்கும் ஒருவர் நம் திடலை மறுபடியும் அளந்து பார்த்தார். ஐநூறு இல்லையாம், ஐநூற்றுப் பதினொன்றாம். உன் கயிறு இழுபட்டுப் போயிருந்திருக்கிறது. ஆக, நீ நினைத்ததைவிட நான் வேகம். இதைச் சத்தமாகவே படி.

உடம்பு நலமா? கீழே இறங்கும்போது தலைக்கவசம் போடுகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை,
செனாதே

*

வெல்கொம்
7 மார்ச் 1976

அன்புத் தங்கைக்கு,

சமாதானம். உயிரோடு இருக்கிறேன், தலைக்கவசமும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்.

ஐநூற்றுப் பதினொன்று என்று வாசித்ததும் அறையே எழுந்து நின்றது. செகாகே என்று ஒருவர் இருக்கிறார், பாறை துளைப்பவர், நம் பக்கத்து மலைக்காரர், பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர். "கயிறு பொய் சொல்லுச்சு, கால் பொய் சொல்லல" என்று உடனே ஒரு அடி எடுத்துவிட்டார். மொசாம்பிக்காரர்கள் இருவருக்கு நம் பாஷை அரைகுறைதான். அவர்களும் உன் நிமிடத்தைக் கேட்கிறார்கள்.

இனி வாரத்தில் இரண்டு நாள் மலை ஏறி ஓடு. இரவு சோளக்களியைக் குறைத்துக் கீரையைக் கூட்டு. அந்த அளவு நாடாக்காரனுக்கு என் சார்பில் நன்றி சொல். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே.

நலம் எழுதவும்.
லெபோனா

*

ஹா மொகெதி
20 ஏப்ரல் 1976

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லோரும் சுகம். உட்கார்ந்துகொள். எல்லோரையும் உட்காரச் சொல்.

நாலு நிமிடம் முப்பத்து நாலு.

மசேருவில் காற்று கெட்டியாக இருக்கிறது, கூழ் குடிப்பதுபோல. இரண்டு மிடறு இழுத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு இங்கே எல்லோரும் ஏன் நடக்கிறார்கள் என்று தோன்றியது. மற்ற நாலு பெண்களும் பள்ளிக்கூடச் சீருடையில் வந்தார்கள். கடைசிச் சுற்றில் என் பக்கத்தில் யாரும் இல்லை. பனிக்குள் எனக்கு முன்னால் போவாளே, அவள்கூட இல்லை. அவளைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது.

பெயர் எழுதிக்கொண்ட அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எந்த ஊரு?"

"மொகோட்லொங் மாவட்டம், ஐயா. ஹா மொகெதி."

"அங்கேருந்து எப்படி வந்த?"

"விமானம், அப்புறம் லாரி, அப்புறம் நடை."

"ஓடியே வந்திருக்கலாமே, சீக்கிரம் வந்திருப்ப" என்று சொல்லி அப்போதுதான் சிரித்தார். உடனே தையல்காரரிடம் அனுப்பினார். நீல நிற மேல்கோட்டு, நெஞ்சில் நம் வைக்கோல் தொப்பிச் சின்னம். தையல்காரர் நாடாவை இடுப்பில் சுற்றி, "மூச்ச விடும்மா, இங்க யாரும் ஓடச் சொல்லல" என்றார். ஜூலை முதல் வாரம் மசேருவுக்கு வந்துவிட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சாலைக்காரர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூடாரம் இருந்த இடத்தில் புல் வெளுத்துக் கிடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

நீ சந்தோஷமாக இருக்கிறாய்தானே?
செனாதே

*

வெல்கொம்
9 மே 1976

என் தங்கை, என் சிங்கம்,

சமாதானம், மழை, நிறைவு எல்லாம் உனக்கே! சந்தோஷமாக இருக்கிறாயா என்றா கேட்கிறாய்? மேற்பார்வையாளன் என்னை "டேய்" என்று கூப்பிட்டான், நான் சிரித்தேன். அவனுக்குத் தெரியாது, ஒலிம்பிக் போகிறவளின் அண்ணனைக் கூப்பிடுகிறான் என்று. நிலத்துக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் மொன்றியலில் இருக்கிறேன். கூண்டு கீழே இறங்கும்போது கண்ணை மூடுகிறேன், அணிவகுப்புக் கதவு திறக்கிறது, நீ நீலக் கோட்டில் வருகிறாய்.

இப்போது கேள். முப்பத்து நாலு போதாது. அங்கே ஓடுகிறவர்கள் நாலு நிமிடத்தைத் தொடுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள், மாவு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தேவாலய மேட்டில் பத்து முறை ஏறு. மூட்டையோடு ஏறினால் இறக்கியதும் கால் பறக்கும். நானும் இப்படித்தான் ஏறினேன்.

நிமிடம் எழுது. நிமிடம்தான் எனக்குச் சாப்பாடு.

லெபோனா

*

ஹா மொகெதி
6 ஜூன் 1976

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மா நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, நாள் முழுக்கப் போர்வையை இறக்குவதில்லை.

போன வாரம் நாலு ஐம்பத்தெட்டு. இந்த வாரம் ஐந்து நிமிடம் பத்து. திடல் உறைந்து வழுக்குகிறது.

காலையில் கூழின் புளிப்பு வாசம் பிடிப்பதில்லை. மகாராபோ அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், ஒன்றும் கத்துவதில்லை. மத்தியானம் வெயிலில் சுவரில் சாய்ந்தால் அப்படியே தூங்கிப்போகிறேன். கனவில் மெதுவாக ஓடுகிறேன், யாரும் நேரம் பார்ப்பதில்லை, நன்றாக இருக்கிறது.

அறையில் எல்லோருக்கும் என் வணக்கம்.
செனாதே

*

வெல்கொம்
20 ஜூன் 1976

செனாதேக்கு,

உயிரோடு இருக்கிறேன். நான்கு நாள் முன்பு சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டார்கள். இதற்கு மேல் எழுத முடியாது, போகிற வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. இங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். ஐந்து பத்து! வாசித்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை எனக்கு. மொசாம்பிக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். தூங்குகிறாளாம், கனவு காண்கிறாளாம். தேர்வானதும் கால் கனத்துவிட்டதா மகாராணிக்கு? திடல் எனக்கும்தான் உறைந்தது, நானும்தான் ஓடினேன். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது, அதைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய்.

ஒரு மூட்டை போதாது, இரண்டு கட்டு. பத்து முறை இல்லை, இருபது முறை. இந்த அறையில் பதினாறு பேருக்கு இந்த மாதம் நல்ல செய்தி என்று ஒன்று இருந்தால் அது நீதான். நினைவு வைத்துக்கொள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
லெபோனா

*

ஹா மொகெதி
4 ஜூலை 1976

அண்ணா,

நலம்.

நீ சொன்னபடி இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு ஏறினேன். பதினொன்றாவது முறை விழுந்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாள் படுத்திருந்தேன், இப்போது உட்காருகிறேன்.

பனி கொட்டுகிறது. விமானம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கடையில் தபால் சாக்கு கட்டியபடியே கிடக்கிறது. இந்தக் கடிதமும் அதில்தான் கிடக்கும். உனக்கு எப்போது வருமோ.

செனாதே

*

வெல்கொம்
25 ஜூலை 1976

என் தங்கை, எங்கள் எல்லோருக்கும் தங்கை,

சமாதானம். நீ விழுந்த கடிதம் நேற்றுத்தான் வந்தது. கால் சரியாகிவிட்டதா? அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. எல்லாம் மாறிவிட்டது.

பிள்ளைகளைச் சுட்ட இந்த நாட்டுக்கு வந்து வெள்ளையர்களோடு ரக்பி ஆடுகிற நாட்டை ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்லிவிட்டன. நம் சின்னஞ்சிறு நாடும் சொல்லிவிட்டது. முதலில் நான் சுவரைக் குத்தினேன், கை வீங்கிவிட்டது. இரண்டாவது முறையும் நம் வீட்டுக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதேன். பிறகு செகாகே அண்ணன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "டேய், அவ யாருக்காகப் போகலைன்னு யோசிச்சியா? நமக்காகடா. இந்தக் குழிக்குள்ள கெடக்குற நமக்காக" என்றார். அப்புறம் எழுந்து நின்று பாடினார். எழுதுகிறேன், வைத்துக்கொள்:

மலையின் மகளே, முழங்காலில் காற்றைக் கட்டியவளே,
கடலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்கள், நீ கதவைச் சாத்தினாய்.
விழுந்த பிள்ளைகளுக்காக ஓடுகாலணியைக் கழற்றினாய்.
ஓடாமலே முந்தியவளே, எழுந்து நில்!

அறை அறையாக இப்போது பாடுகிறார்கள். என்னைக் கண்டால் இடம் விட்டு எழுகிறார்கள். கோசா இனத்து ஆள் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், என் கையைப் பிடித்து, "உன் தங்கச்சிக்கு எங்க ஊரு சார்பா கும்புடு" என்றார். ஏழு வருடமாக இங்கே வந்துபோகிறேன், ஒருவரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. நீ ஓடியிருந்தால்கூட எனக்கு இது கிடைத்திருக்காது. விடுப்பில் வருகிறவர்கள் பாட்டைக் கொண்டுவருவார்கள். தலை நிமிர்ந்து கேள்.

பெருமையோடு,
லெபோனா

*

ஹா மொகெதி
19 செப்டம்பர் 1976

அண்ணா,

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதே. விடுதிக்கு வெளியே எங்காவது போய்ப் படி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பாட்டு வந்துவிட்டது. ஆகஸ்டில் வந்த ஐந்து பேர் திடலில் இறங்கும்போதே பாடிக்கொண்டு இறங்கினார்கள். ஊர்த்தலைவர் கூட்டம் போட்டார். பாட்டு யாரைப் பற்றியோ அவர் எழுந்து நிற்க வேண்டுமே, நின்றேன். நீலக் கோட்டை மசேருவிலிருந்து ஞாபகத்துக்கு என்று அனுப்பியிருந்தார்கள். தலைவரின் மனைவி, "போட்டுக் காட்டுடி, கண்குளிரப் பாக்குறோம்" என்றார். குளிர், போர்வையை எடுக்க மாட்டேன் என்றேன். பனி உருகி ஓடை ஓடுகிற நாள் அது. எல்லோரும் சிரித்தார்கள், வெட்கப்படுகிறாள் என்று.

அண்ணா, அந்தக் கோட்டுக்குப் பொத்தான் போட வராது. எனக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு மே மாதமே தெரியும். "போர்வைக்குள்ள என்னத்தடி ஒளிச்சு வெச்சிருக்க, நான் பெக்காத புள்ளையா நீ?" என்றாள், அவ்வளவுதான், அழவில்லை. அவர் யார் என்று நீ ஊகித்திருப்பாய். பெயரை எழுத மாட்டேன். அடுத்த பள்ளத்தாக்கில் சாலை முடிந்ததும் வருகிறேன் என்றார். சாலை முடிந்துவிட்டது. லாரிகள் வருகின்றன.

இது மட்டும் என்றால் நான் இவ்வளவு நாள் ஒளித்திருக்க மாட்டேன். அந்த மூட்டைகளோடு விழுந்தேனே, அன்று ரத்தம் பட்டது. பிள்ளை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். போகவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் மசேருவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், என்னால் வர முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று. உனக்கு எழுதிய கடிதமும் அதுவும் ஒரே நாளில் ஒரே தபால் சாக்கில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து வானொலியில் செய்தி வந்தது. சாக்கு இன்னும் கடையிலேயே கிடந்தது. மகாராபோ அக்காவிடம் கேட்டு என் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நாடு போக மாட்டேன் என்றது. அதற்கு முன்பே நான் போக மாட்டேன் என்றேன். நாட்டின் காரணம் பெரியது, என் காரணம் என் வயிற்றுக்குள் இருந்தது. சுடப்பட்ட பிள்ளைகளுக்காக நான் எதையும் விடவில்லை அண்ணா. அந்தக் கோசாப் பெரியவரின் கும்பிடு எனக்கு உரியது இல்லை. அது என் மேல் கல்லாகக் கனக்கிறது.

ஜூலைக் கடைசியில், அங்கே பெண்கள் என் ஓட்டத்தை ஓடிய அன்று, நான் திடலில் போய் மல்லாந்து படுத்தேன். பனி விலகி வானம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடினேன். உன்னைப்போல அணிவகுப்பைப் பார்க்கலாம் என்று நினைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உள்ளே முதன்முதலாக அசைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்தே சிரித்தேன்.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

செனாதே

*

ஹா மொகெதி
30 நவம்பர் 1976

அண்ணா,

நலமா? பத்து வாரமாகிறது. தபால் வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைக்குப் போனேன். போன வெள்ளி மட்டும் போக முடியவில்லை.

பெண் குழந்தை. வியாழக்கிழமை காலை, நல்ல மழையில். அம்மா முழங்கால் வலியோடு மேட்டுக்கு ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். நேரம் பார்க்க மறந்துவிட்டோம்.

நீலக் கோட்டை மசேருவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், அடுத்து போகிறவளுக்கு ஆகட்டும். பாட்டுக்கு இனி எழுந்து நிற்க மாட்டேன் என்று தலைவரின் மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். குழந்தையைக் காட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, உக்காந்தே கேளு" என்றார்.

அவர் வரவில்லை. குழந்தை நம் வீட்டுப் பிள்ளை. பெயர் வைக்க வேண்டியவன் தாய்மாமன். நீ வைக்க விரும்பவில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடு. அம்மா வைத்துவிடுவாள்.

செனாதே

*

வெல்கொம்
14 டிசம்பர் 1976

செனாதே,

உயிரோடு இருக்கிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்தின் முதல் வரியே சத்தமாகப் படிக்காதே என்பதுதான். அதையும் சத்தமாகத்தான் படித்தேன். அறையே சிரித்தது. "அப்போ கட்டாயம் படிக்கணும்!" என்று கூச்சல். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. என் தங்கை எழுதுவதில் மறைக்க என்ன இருக்கப்போகிறது என்ற திமிர். ஆறு மாதம் என்ற இடம் வரும்வரை படித்துவிட்டேன். அதற்கப்புறம் வாய் தானாகப் போய்க்கொண்டே இருந்தது, கடைசி வரை.

செகாகே அண்ணன் எழுந்து வெளியே போனார். மறுநாளிலிருந்து பாட்டு நின்றது. எனக்காக யாரும் எழவில்லை, யாரும் திட்டவும் இல்லை. மேற்பார்வையாளன் "டேய்" என்றான், நான் வெறும் டேய் ஆகத்தான் திரும்பிப் பார்த்தேன். உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். ஆறு முறை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை சுரங்க மண்மேட்டின் பின்னால் தனியாகப் போய்ப் படித்தேன், அங்கேயும் சத்தமாகத்தான். படித்து முடித்துத் திரும்பினால் செகாகே அண்ணன் நிற்கிறார்.

"பெண்ணா, பையனா?"

"பெண்."

"ரெண்டு பேரும் சுகமா?"

"சுகம்னுதான் எழுதியிருக்கா."

"அவள மேட்டுல ஏறச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ரெண்டு மூட்டை கட்டச் சொன்னது?"

"நான்தான்ணே."

"அப்புறம் பத்து வாரமா யார் மேலடா கோவமா இருக்க?"

உட்கார்ந்துவிட்டேன். செனாதே, ரத்தம் பட்டது என்று நீ எழுதிய வரியைப் பதினாறு பேர் முன்னால் நான் வாசித்தேன். என் காதில் அது விழவே இல்லை. பாட்டு போச்சே, பேர் போச்சே என்பதுதான் விழுந்தது. ரத்தம் என்பது நேற்றுத்தான் விழுந்தது. அந்தப் பதினொன்றாவது முறையில் நான் உன்னையும் அந்தப் பிள்ளையையும் கொன்றிருப்பேன். கொன்றுவிட்டு, நிமிடம் எழுது என்று அடுத்த கடிதம் போட்டிருப்பேன். முதலிலிருந்து நான் அனுப்பியது உன்னை இல்லை, என்னைத்தான். உன் காலில் நான் போகப் பார்த்தேன். நீ எங்கே ஓட வேண்டும் என்று ஒருமுறைகூட நான் உன்னைக் கேட்கவில்லை.

நேற்று மாலை அறையில் நானே எழுந்து நின்று சொன்னேன், மூட்டை விஷயம் உட்பட. அந்தக் கோசாப் பெரியவரையும் கூப்பிட்டு, "உங்க கும்புடு தப்பான ஆளுக்குப் போயிருச்சு, மன்னிச்சிருங்க" என்றேன். "தப்பான ஆளுக்குப் போகலப்பா. நாடு போகல, அவளும் போகல. காரணம் ரெண்டா இருந்தா என்ன, ரெண்டுமே உசுரு காரணம்தானே" என்றார். அவர் பெரிய மனதுக்காரர், சொல்லிவிட்டார். எனக்கு அது போதவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி விமானத்தில் வருகிறேன். தாய்மாமன் போர்வை வாங்கிவிட்டேன், கம்பளி, நல்ல தடிப்பு. பெயரை யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் வைக்க மாட்டேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு வைப்போம்.

நாலு வருடத்தில் மாஸ்கோ என்று இங்கே இப்போதே பேசுகிறார்கள். நான் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். நீயாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவருகிறேன்.

உன் அண்ணன்,
லெபோனா